முதல் வாசலில் நிற்கும் மருத்துவருக்கு எங்கே பல்கலைக்கழகம்?

புது தில்லி: தலைநகரில் மருத்துவ மாநாடுகளுக்குப் பஞ்சமில்லை. இதயத்துக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று என ஆண்டு முழுவதும் அவை நடந்தவண்ணம் உள்ளன. உறுப்புக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு மாநாடு என்பது எழுதப்படாத விதி. முழு மனிதனையும் பார்க்கும் மருத்துவரின் முறை வருவதற்குத்தான் வெகுநாள் ஆயிற்று.

குடும்ப மருத்துவம் மற்றும் ஆரம்பநிலை மருத்துவத்துக்கான முதல் தேசிய மாநாடு 2013-ல் தில்லியில் கூடியது. அதை நடத்தியது 2010-ல் தோன்றிய இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாதெமி. பொது மருத்துவர்களின் சங்கங்கள் அதற்கு முன்பே நாட்டில் இருந்தன, கூட்டங்களும் நடத்தின. ஆனால், தங்கள் தொழிலை வெறும் தொழிலாக அன்றி ஒரு கல்வித் துறையாக நடத்த வேண்டும், அதற்கென மேற்படிப்பும் ஆய்வும் ஆசிரியர்களும் வேண்டும் என்று கேட்ட தலைமுறை இந்த அகாதெமியைச் சுற்றித் திரண்டது. 2012-ல் தொடங்கிய அதன் ஆய்விதழ் இன்று மாத இதழாக வளர்ந்திருக்கிறது. தெற்காசிய நாடுகளின் இளம் குடும்ப மருத்துவர்களுக்காக "ஸ்பைஸ் ரூட்" என்ற அமைப்பும் உருவானது. உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பின் 15-வது கிராமிய சுகாதார மாநாடு 2018 ஏப்ரலில் தில்லியில் நடைபெற்றபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் கிராமப்புற மருத்துவர்கள் இங்கு வந்து சேர்ந்தனர்.

இத்தகைய மாநாடுகளில் எழும் கேள்விகளின் தன்மையே வேறு. மூன்று வாரமாக இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவது ஏன்? ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர் எதனால் நிறுத்துகிறார்? வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, வயிற்று வலி என்று வந்த பெண்ணின் மனச் சோர்வைக் கண்டுகொள்வது எப்படி? பயிற்சி மருத்துவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது எளிது. "உங்களுக்கு ஊசி தேவையில்லை" என்று நோயாளி மனம் கோணாமல் சொல்ல எப்படிக் கற்றுக்கொடுப்பது? பெரிய மருத்துவமனைகளின் மேடைகளில் இவை கேள்விகளாகவே கருதப்படுவதில்லை. நாட்டில் அன்றாடம் நடக்கும் மருத்துவத்தின் பெரும்பகுதியோ இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

ஆயிரம் பேரில் ஒருவர்

இதை எண்ணிக்கையால் எடுத்துக்காட்டியவர் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர். அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு 1961-ல் அவரும் உடன் பணியாற்றியோரும் ஒரு கணக்குப் போட்டனர். வயது வந்த ஆயிரம் பேரில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறைவு ஏற்படுகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கின்றனர். 9 பேர் மருத்துவமனையில் சேர்கின்றனர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேருகிறவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர் ஐந்தாண்டுகள் உட்கார்ந்து படிப்பது அந்த ஒருவரின் உடலைத்தான். பட்டம் பெற்று வெளியே வந்ததும் அவர் எதிர்கொள்ளப் போவதோ மற்ற 249 பேரை. அவர்களைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கு தலைகீழாக முறுக்கிக்கொண்டு நிற்பதைக் காண தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் வாசலுக்குப் போனால் போதும். 1956-ல் தொடங்கப்பட்ட எய்ம்ஸ், மிகச் சிக்கலான நோய்களுக்கான கடைசிப் புகலிடமாக எண்ணப்பட்டது. இன்று பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் அதன் வெளியே நடைபாதையில் இரவைக் கழித்து, காலையில் புறநோயாளிகள் பிரிவில் வரிசையில் நிற்கின்றனர். ஊரிலேயே தீர்த்திருக்கக் கூடிய குறைகளுடன் வந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. முதல் வாசலில் நம்பத்தகுந்த மருத்துவர் இல்லாதபோது கடைசி வாசலில்தான் கூட்டம் சேரும்.

உலகில் பொது மருத்துவத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி முதன்முதலாக உருவானது 1963-ல், எடின்பரோவில். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1946-ல், இந்தியாவில் போர் குழு தன் அறிக்கையைத் தந்துவிட்டது. சர் ஜோசப் போர் தலைமையிலான அக்குழு, "அடிப்படை மருத்துவர்" ஒருவரை உருவாக்குவதே மருத்துவக் கல்வியின் நோக்கம் என்றது. சமூகத்தை அறிந்த மருத்துவராக அவர் இருக்க வேண்டும் என்றது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தே அந்த அறிக்கையிலிருந்து வந்ததுதான். நிலையங்கள் வந்தன, இன்று கிராமப்புறங்களில் மட்டும் சுமார் 25 ஆயிரம் உள்ளன. அவற்றில் உட்கார வேண்டிய மருத்துவரை உருவாக்கும் துறை மட்டும் வரவில்லை.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. எய்ம்ஸ் 1965 முதல் ஹரியாணாவின் பல்லப்கர் பகுதியில் ஒரு கிராமிய சுகாதாரத் திட்டத்தை நடத்தி வருகிறது. தயாள்பூர், சாய்ன்சா ஆகிய இரு ஆரம்ப சுகாதார நிலையங்களின் கீழ் 28 கிராமங்கள் அதில் அடங்கும். பிறப்பு, இறப்பு, நோய் ஆகியவற்றின் பதிவுகள் அங்கு பல பத்தாண்டுகளாகத் தொடர்ச்சியாகச் சேர்ந்திருக்கின்றன. நாட்டின் சுகாதார ஆய்வுக்கு அது ஒரு புதையல். 1975-ல் ஸ்ரீவாஸ்தவா குழு மருத்துவக் கல்வியைக் கிராமத்தை நோக்கித் திருப்பச் சொன்னது. 1977-ல் வந்த மருத்துவக் கல்வி மறுசீரமைப்புத் திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றது. சிகிச்சைத் துறைகளின் பேராசிரியர்கள் வண்டியேறவில்லை. வேலை முழுவதும் நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத் துறையின் தலையில் விழுந்தது. திட்டம் மெல்லத் தேய்ந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில கிராமக் குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மாணவருக்கு அருகில் நின்று சொல்லித்தரும் குடும்ப மருத்துவ ஆசிரியர் யார் என்ற கேள்வி மட்டும் 1977-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

துமகூரும் கட்சிரோலியும்

முதல் வாசலில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் உண்டு. அதற்கு விடை சொல்ல வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டபோது, காசநோயாளிக்கு நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கை ஓய்வு, அதற்கு ஒரு சானடோரியம் என்பதே உலக மருத்துவத்தின் நம்பிக்கை. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினருக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை மூடவைத்தது. படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்தே இறந்துபோகும் நிலையிலிருந்து ஏழை நாடுகளின் நோயாளிகளை அது மீட்டது.

அதே 1959-ல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது. அங்கு பணியாற்றிய, இன்றைய மருத்துவ மாணவர்கள் பெயர்கூடக் கேட்டிராத ஆய்வாளர்கள் பலர் உண்டு. அவர்களில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் துமகூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு 1963-ல் வெளிவந்தது. கிராமத்து மக்களுக்கு நோயைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அதிகாரிகளின் வழக்கமான புலம்பல். கண்டறிந்த உண்மை வேறு. காசநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடலில் ஏதோ கோளாறு என்பதை உணர்ந்தே இருந்தனர். ஏறக்குறையப் பாதிப் பேர் மருத்துவ உதவி தேடிப் போயுமிருந்தனர். அவர்கள் கையில் இருமல் மருந்துக் குப்பியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியது மருத்துவத் துறைதான். விழிப்புணர்வு தேவைப்பட்டது நோயாளிக்கு அல்ல என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆய்வுகள் குறைவு. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், தனி காசநோய் மருத்துவமனைகளைக் கட்டாமல் பொது சுகாதார நிலையங்களிலேயே இருமுகிறவரைச் சோதிப்பது என்ற வழியை எடுத்ததற்கு இந்தச் சிந்தனையே அடிப்படை. பானர்ஜி பின்னர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவ மையத்தில் ஆசிரியரானார். மருத்துவக் கல்லூரியில் அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் ஆகிய மருத்துவத் தம்பதியர் 1986-ல் அங்கு பணி தொடங்கினர். பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்துபோவதைத் தடுக்க, எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். குழந்தையை எடைபோடுவது, சூடு குறையாமல் சுற்றிவைப்பது, மூச்சுத் திணறலைச் சரிசெய்வது, கிருமித்தொற்றின் அறிகுறிகளைக் கண்டு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவது வரை அந்தப் பெண்கள் கற்றனர். 39 கிராமங்களில் இந்தச் சேவை. ஒப்பிடுவதற்கு 47 கிராமங்கள். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் "லான்செட்" இதழில் இது வெளியானது. ஊசியைக் கிராமத்துப் பெண் கையில் கொடுக்கலாமா என்று எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. 2011-ல் மத்திய அரசு, வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் பணியை ஆஷா ஊழியர்கள் வழியாக நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது.

இந்த மூன்று ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு செய்தி உண்டு. மூன்றுமே முதல் வாசலின் கேள்விகளிலிருந்து பிறந்தவை. உலகத்தின் மருத்துவப் பழக்கத்தை மாற்றியவை. மூன்றில் ஒன்றுகூட மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைத் துறை ஒன்றில் பிறக்கவில்லை.

நோயாளி வேடத்தில் நடிகர்கள்

கல்லூரிகள் விட்ட இடத்தை அண்மைக் காலத்தில் பொருளாதார அறிஞர்கள் நிரப்பத் தொடங்கியிருக்கின்றனர். ஜிஷ்ணு தாஸ் என்ற பொருளாதார வல்லுநரும் அவருடைய குழுவினரும் கையாண்ட முறை சுவையானது. சாதாரண மனிதர்களுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி அளித்து, நெஞ்சு வலி என்றும், இரவில் மூச்சிரைப்பு என்றும், வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றும் சொல்லி மருத்துவர்களிடம் அனுப்பினர். மருத்துவர் என்ன கேட்டார், எங்கே தொட்டுப் பார்த்தார், என்ன மருந்து தந்தார் என்பதை அவர்கள் வெளியே வந்து பதிவு செய்தனர். 2012-ல் வெளியான முடிவுகளின்படி, மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சிகிச்சை அளித்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு மருத்துவத் தகுதி ஏதுமில்லை. ஒரு நோயாளிக்குச் செலவிடப்பட்ட சராசரி நேரம் 3.6 நிமிடம். கேட்டே ஆக வேண்டிய கேள்விகள், செய்தே ஆக வேண்டிய சோதனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நடந்தது.

இதே முறை தில்லியில் காசநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. காசநோயின் அறிகுறிகளைச் சொல்லிய நடிகர்கள் மருத்துவர்களைச் சந்தித்த 250 சந்திப்புகளில், சரியான முறையில் கையாளப்பட்டவை 52 மட்டுமே. 2015-ல் இது வெளியானபோது துமகூரின் இருமல் மருந்துக் குப்பிக்கு அரை நூற்றாண்டு முடிந்திருந்தது.

கல்வியால் இதை மாற்ற முடியுமா? மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் முறையான தகுதியற்ற 304 கிராமிய வைத்தியர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது மாதப் பயிற்சி தரப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் இந்த ஆய்வில் பங்கேற்றவர். 2016-ல் "சயின்ஸ்" இதழில் வெளியான முடிவு இருமுனைக் கத்தி போன்றது. பயிற்சி பெற்றவர்கள் நோயாளியைச் சரியாகக் கையாள்வது 7.9 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஆனால் தேவையற்ற மருந்துகளையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் எழுதித் தரும் பழக்கம் குறையவே இல்லை. எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பாடமாகச் சொல்லித்தர முடிகிறது. எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதற்கு மருந்து விற்பனையில் கிடைக்கும் வருமானமும் நோயாளியின் எதிர்பார்ப்பும் குறுக்கே நிற்கின்றன. இத்தகையோருக்குப் பயிற்சி தருவதே போலி மருத்துவத்துக்கு அங்கீகாரம் ஆகிவிடும் என்று மருத்துவர் சங்கங்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சங்கங்களின் உறுப்பினர்கள் அந்தக் கிராமங்களுக்குப் போவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

பட்டியலில் உண்டு, கல்லூரியில் இல்லை

குடும்ப மருத்துவ வல்லுநர்கள் தேவை என்று 2002-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. மருத்துவ கவுன்சிலின் செயல்பாடுகளை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, 2016 மார்ச்சில் அளித்த தனது 92-வது அறிக்கையில் குடும்ப மருத்துவ மேற்படிப்பை நாடெங்கும் வலுவாக ஏற்படுத்தச் சொன்னது. 2017-ம் ஆண்டின் சுகாதாரக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. தேசியத் தேர்வு வாரியம் இத்துறையில் நெடுநாளாகப் பட்டயம் வழங்கி வருகிறது. அது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே நடக்கும் பயிற்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி வழியாகக் குடும்ப மருத்துவம் கற்பித்து வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவ எம்.டி. படிப்பை முதலில் தொடங்கியது கேரளத்தின் கோழிக்கோடு. அது நடந்தது 2010-களின் தொடக்கத்தில். நாட்டில் ஆண்டுதோறும் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. குடும்ப மருத்துவ எம்.டி. இடங்களோ அந்தக் கடலில் சில துளிகள்.

ஏன் இப்படி? துறை இல்லாததால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் மேற்படிப்பு தொடங்க முடிவதில்லை. மேற்படிப்பு இல்லாததால் ஆசிரியர் உருவாவதில்லை. இந்த வட்டத்தை உடைக்க வேண்டிய ஒழுங்குமுறை அமைப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்களே. போதாதற்கு ஓர் உள்வீட்டுப் பங்காளிச் சண்டையும் உண்டு. ஆரம்பநிலை மருத்துவம் தங்கள் துறையில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பது சமூக மருத்துவப் பேராசிரியர்களின் வாதம். மக்கள்தொகையைப் பார்ப்பது வேறு, எதிரில் அமர்ந்திருக்கும் நோயாளியைப் பார்ப்பது வேறு என்பது குடும்ப மருத்துவர்களின் பதில். 2012-ல் தொடங்கிய போபால், பாட்னா, ராய்ப்பூர் உள்ளிட்ட புதிய எய்ம்ஸ் நிறுவனங்களில் இரண்டு பெயர்களையும் சேர்த்து "சமூக மற்றும் குடும்ப மருத்துவத் துறை" என்றே பெயர்ப்பலகை வைத்தார்கள். பெயர் கலந்துவிட்டது, வேலை இன்னும் முழுதாகக் கலக்கவில்லை.

ஆய்வின் நிலையோ பொதுவாகவே கவலைக்குரியது. தில்லி சர் கங்காராம் மருத்துவமனையைச் சேர்ந்த சமீரன் நந்தியும் மற்றவர்களும் 2016-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் நாட்டின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332 நிறுவனங்கள் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியிடவில்லை என்று தெரியவந்தது. 25 நிறுவனங்கள் மட்டுமே நாட்டின் ஆய்வு வெளியீட்டில் 40 சதவீதத்தைத் தந்தன. நூற்றுக்கணக்கான படுக்கைகளும் பேராசிரியர்களும் உள்ள கல்லூரிகளின் கதையே இது என்றால், இரண்டு மருத்துவர்களுடன் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கு பணிபுரியும் மருத்துவருக்கு ஒரு நல்ல கேள்வி தோன்றினால், அதை ஆய்வாக்குவதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுக்கள் இருப்பதோ பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும். மாநாட்டில் கட்டுரை படிப்பதென்றால் விடுப்பு வேண்டும். அவர் விடுப்பு எடுத்தால் நிலையத்தில் நோயாளியைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். பயணமும் பதிவுக் கட்டணமும் கைக்காசு. மருந்து நிறுவனம் செலவை ஏற்கட்டும் என்று நினைத்தால், மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் ஆய்வுக்கு எந்த நிறுவனம் பணம் தரும்?

இருந்தும் வாய்ப்புக் கிடைக்கும் இடங்களில் முதல் வாசலின் ஆய்வு தன் பயனைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம், பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்துக்கு இதில் முக்கியப் பங்குண்டு. புதிய மருந்து எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. எல்லா நிலையங்களுக்கும் ஒரே எளிய சிகிச்சை முறை, தட்டுப்பாடில்லாத மாத்திரை, நோயாளி வரத் தவறினால் தேடிப் பிடிக்கும் பதிவேடு, மாத்திரையை வீட்டுக்கு அருகில் துணை சுகாதார நிலையத்திலேயே தருவது ஆகியவையே அதன் உத்திகள். பேருந்து ஏறி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்றானதும் வரத் தவறுகிறவர்கள் குறைந்தனர். துமகூர் ஆய்வாளர்கள் கேட்டால் வியந்திருக்க மாட்டார்கள்.

2018-ம் ஆண்டின் தில்லி மாநாடு முடிவில் ஒரு பிரகடனத்தை வெளியிட்டது. அல்மா ஆட்டா பிரகடனத்துக்கு நாற்பது ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. கிராமத்துக்கு ஏற்ற பணியாளர்களை உருவாக்கும் கல்வியும், கிராமத்தின் தேவையை நோக்கித் திருப்பப்பட்ட ஆய்வும் அந்தப் பிரகடனத்தின் முக்கியக் கூறுகளில் இரண்டு. அதே ஆண்டில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் ஒன்றரை லட்சம் சுகாதார, நல்வாழ்வு மையங்களை அமைப்பதாக அறிவித்தது. 2023-ல் அவற்றுக்கு "ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்" என்று பெயர் மாறியது. துணை சுகாதார நிலைய அளவில் இவற்றை நடத்துவது மருத்துவர் அல்லர். செவிலியர் படிப்பு முடித்துச் சில மாதச் சிறப்புப் பயிற்சி பெற்ற சமூக சுகாதார அலுவலர். நீரிழிவு முதல் மனநலம் வரை அவர் பார்க்க வேண்டிய பட்டியல் நீண்டது. அவருக்கு மேலே வழிகாட்ட ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். அந்த மருத்துவருக்கு வழிகாட்ட யாரும் இல்லை.

குடும்ப மருத்துவர்கள் வைக்கும் கோரிக்கைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறை. ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நல்ல பொது மருத்துவமனைகளையும் பயிற்சிக் களமாக ஏற்பது. அங்கு பல்லாண்டு பணியாற்றியவரின் அனுபவத்தை ஆசிரியர் தகுதியாகக் கணக்கில் கொள்வது. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதங்களை மாவட்ட மருத்துவமனையில் கழிக்க வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. அது மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுகிறது.

படிப்பதற்கான வழியிலும் இதே எல்லைக்கோடு உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் என 6,300 நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். நல்ல திட்டம். உயர்கல்வி நிறுவனமாகவோ ஆய்வு நிறுவனமாகவோ கணக்கில் வராத ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கு இதில் இடமில்லை. காசநோயைப் பற்றி, பச்சிளங்குழந்தையைப் பற்றி, ரத்த அழுத்தத்தைப் பற்றி அவரைப் போன்றோரின் நிலையங்களில் சேர்ந்த விவரங்களிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகளும் அந்த இதழ்களில் இருக்கின்றன.